வால் பேட்டரியோடு கிளைடரை ட்ரெய்லரில் ஏற்றலாமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். தென் ஜெர்மனியில் ஒரு கிளப்பில், 15 மீட்டர் இறக்கை நீளமும் செங்குத்து வாலின் உச்சியில் கிடைவாலும் (டி-டெயில்) கொண்ட எஞ்சினில்லா விமானம், அதாவது கிளைடர், ஒன்றில் உங்களுக்குப் பங்கு இருக்கிறது. ஜூன் மாதம் அதை ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு, பிரெஞ்சு ஆல்ப்ஸின் தெற்கே சிஸ்தரோன் வரை சுமார் 800 கிலோமீட்டர் இழுத்துப் போகப் போகிறீர்கள். மூக்கில் ஒரு 12 வோல்ட் ஈய பேட்டரி, செங்குத்து வாலுக்குள், அதாவது ஃபினுக்குள், இன்னொன்று. வாலில் இருப்பதைக் கழற்றிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்கிறார் கிளப்பில் ஒருவர். "வானத்தில் 5 ஜி, அதாவது தன் எடையைப் போல ஐந்து மடங்கு சுமை, தாங்குகிற விமானத்தை இரண்டரைக் கிலோ என்ன செய்துவிடும்?" என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி, கழற்றினால் அதை எங்கே வைப்பது, கூட வரும் நண்பரின் எலெக்ட்ரிக் கிளைடருக்கும் இதே விதிதானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கழற்றிவிடுங்கள். ஆனால் முதலாமவர் பயப்படுகிற காரணத்துக்காக அல்ல. அந்த எடையால் வால் தண்டு, அதாவது உடலின் பின்பாதிக் குழாய், ஒடிந்துவிடாது. அந்தக் கணக்கில் இரண்டாமவர் பக்கம்தான் நியாயம். அடி விழுவது பேட்டரி உட்கார்ந்திருக்கும் தட்டிலும், அதை ஒட்டியிருக்கும் பசையிலும், ஒயர் முனையிலும். கிளைடரின் உடலைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய இடமோ வேறு: ட்ரெய்லருக்குள் உடல் எந்தெந்தப் புள்ளியில் உட்கார்ந்திருக்கிறது, எங்கே இறுக்கிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது.

முதலில் தண்டுக் கணக்கைப் பார்ப்போம். இறக்கைகளையும் கிடைவாலையும் கழற்றிய பிறகு உடல் மட்டும் ட்ரெய்லரில் இரண்டு இடங்களில் நிற்கிறது. முன்னால் வயிற்றுக்கடியில் ஒரு தொட்டில், பின்னால் வால் சக்கரத்துக்கு ஒரு குழி. வால் சக்கரத்தில் விழும் எடையைக் குளியலறைத் தராசில் அளந்துவிடலாம். 25 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 7 ஆம்பியர்-அவர் ஈய பேட்டரி ஏறக்குறைய 2.5 கிலோ. ஃபினின் அடியில் இருந்தால் அது கிட்டத்தட்ட வால் சக்கரத்துக்கு நேர் மேலேயே இருக்கிறது. அதன் எடை நேராகக் கீழே ட்ரெய்லர் தரைக்கு இறங்கிவிடும். பள்ளத்தில் விழுந்து 3 ஜி அடி வந்தாலும் வால் குழியில் 75 கிலோவுக்குப் பதில் 82 கிலோ அழுத்தம், அவ்வளவுதான். தண்டுக்குள் கூடுதல் வளைவு என்று சொல்ல ஒன்றுமில்லை. வால் சக்கரம் முதலில் தரையில் மோதும் ஒரு சாதாரண முரட்டு இறக்கத்தில் அந்தத் தண்டு வாங்கும் அடி இதைவிட அதிகம்.

இதே கணக்கு மாறுகிற ஒரு நிலைமை உண்டு, அதை உங்கள் ட்ரெய்லரில் குனிந்து பார்க்க வேண்டும். பழைய ட்ரெய்லர்கள் சிலவற்றில், குறிப்பாக வேறொரு கிளைடருக்குச் செய்து பிறகு மாற்றியமைத்தவற்றில், பின் தாங்கி வால் சக்கரத்தில் இருக்காது. ஒரு மீட்டர் முன்னால் தண்டைத் தாங்குகிற சேணமாக இருக்கும். அப்போது ஃபின் முழுவதும் அந்தரத்தில் தொங்குகிறது. ஃபினும் தண்டின் நுனியும் சேர்ந்து 12 கிலோ, அதன் எடைமையம் சேணத்திலிருந்து 60 சென்டிமீட்டர் பின்னால் என்றால் 7.2 கிலோ-மீட்டர் திருப்பம். 80 சென்டிமீட்டர் பின்னால் இருக்கும் 2.5 கிலோ பேட்டரி அதோடு இன்னும் 2 கிலோ-மீட்டர் சேர்க்கும். கால் பங்குக்கு மேல் கூடிவிட்டது பாருங்கள். இதுகூடத் தண்டை ஒடிக்கிற அளவல்ல. ஆனால் சேணத்தின் விளிம்பு குறுகலாக, ஐந்து சென்டிமீட்டர் பட்டையாக இருந்தால், மெல்லிய ஓட்டுச் சுவரில் அந்த ஒரே வரியில்தான் எல்லா அடியும் விழும். அப்படிப்பட்ட ட்ரெய்லரில் செய்ய வேண்டிய வேலை தாங்கியை வால் சக்கரத்துக்கு நகர்த்துவது. பேட்டரியைக் கழற்றுவது அதற்கு மாற்றாகாது.

இனி "5 ஜி தாங்குகிற விமானம்" என்ற வாதம். ஐரோப்பிய கிளைடர் விதியான சி.எஸ்-22 கேட்பது சாதாரணப் பறப்புக்கான யூட்டிலிட்டி வகைக்கு 5.3 ஜி. பறக்கும்போது இறக்கையும் உடலும் சேர்ந்து தாங்க வேண்டிய எல்லை அது. பேட்டரி மாதிரியான பொருள்கள் விபத்தில் விமானி மேல் பாயக் கூடாது என்பதற்கு முன்னோக்கி 15 ஜி என்று தனிக் கணக்கும் உண்டு. இரண்டும் ஒரு முறை, இரண்டு முறை வருகிற பெரிய சுமைகள். சாலை தருவது வேறு ரகம். ட்ரெய்லர் அதன் ஸ்பிரிங்கில் வினாடிக்கு இரண்டு முறை ஆடுகிறது என்றே வைத்தாலும், எட்டு மணி நேரத்தில் 57,600 ஆட்டம். அதற்கு மேல் சக்கரமே குதிக்கும் வேகமான அதிர்வு வேறு. அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பதை இங்கே சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்ளலாம். கண்ணாடி இழையும் கார்பன் இழையும் இந்த விதமான அடிக்குச் சளைக்காதவை. சளைப்பவை அலுமினியக் கொக்கி, ஒட்டுப்பலகைத் தட்டு, பிளாஸ்டிக் பட்டை, இவற்றை ஓட்டோடு பிடித்திருக்கும் பசை வரி.

பேட்டரித் தட்டைக் கழற்றிப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். ஃபினுக்குள் பொதுவாக இருப்பது மூன்று மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையிலோ மெல்லிய இழைத் தகட்டிலோ செய்த ஒரு சின்னப் பெட்டி, மேலே ஒரு பட்டை அல்லது ஒற்றைத் திருகு. பேட்டரி 151 மில்லிமீட்டர் நீளம், 65 அகலம், 94 உயரம் என்ற நிலையான அளவு. தட்டு அதைவிட ஒரு மில்லிமீட்டர் பெரிதாகச் செய்யப்பட்டிருக்கும். அந்த ஒரு மில்லிமீட்டரில்தான் எல்லாம் நடக்கிறது. பட்டை தளர்ந்தால் பேட்டரி சுமையாக உட்காராமல் சுத்தியலாக மாறிவிடும். ஒவ்வொரு குலுக்கலிலும் தட்டின் ஓரத்தைத் தட்டும். முதல் அடையாளம் உலோகம் உரசும் இடத்தில் கருஞ்சாம்பல் தூள். அடுத்தது தட்டு ஓட்டோடு ஒட்டிய வரியில் தலைமுடி அளவு வெள்ளைக் கோடு. மூன்றாவது, கட்டைவிரலால் தள்ளினால் தட்டே அசையும். அதன் பிறகு ஒரு நாள் பெட்டி பெயர்ந்து, ஃபினுக்குள் இருக்கும் ரட்டர் (இடவலம் திருப்பும் பலகை) இணைப்பிலோ, எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் பலகை) தள்ளுதண்டிலோ போய் உட்காரும். நான் உங்களைக் கழற்றச் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

சிலர் தட்டுக்கடியில் மெத்தை மாதிரி ஸ்பாஞ்ச் வைப்பார்கள். வேண்டாம். மென்மையான நுரை முழுக்க அமுங்கிய பின் அடி அப்படியே கடத்தப்படும்; அதற்கு முன்பு பேட்டரிக்குத் துள்ள இடமும் கிடைக்கும். மூடிய துளைகள் கொண்ட, ரப்பர் போன்ற கெட்டியான ஈவிஏ நுரைத் தாள் போதும், மூன்று அல்லது ஐந்து மில்லிமீட்டர், இறுக்கிப் பிடித்த பின் பேட்டரி அசையாத அளவுக்கு. வெல்க்ரோ ஒன்றை மட்டும் நம்பக் கூடாது. திருகு போட்டிருந்தால் நைலான் பூட்டு நட்டு. இதெல்லாம் பறப்பதற்கும் பொருந்தும் என்பதால் இந்த அரை மணி நேர வேலை வீண்போகாது.

இரண்டாவது காரணம் மின்சாரம். 7 ஆம்பியர்-அவர் ஈய பேட்டரி சின்னதாகத் தெரியலாம். முனைகள் நேரடியாக இணைந்துவிட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியரை ஒரு கணத்தில் கொட்டும். தட்டையான ஸ்பேட் முனைகள் அதிர்வில் மெல்ல மெல்லப் பின்வாங்கும். ஃபினுக்குள் வெளிச்சமில்லாத இடத்தில் அது யாருக்கும் தெரியாது. ஃபியூஸ் பேட்டரி முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும் என்பது இதற்காகத்தான். ஃபியூஸை டாஷ்போர்டில் மட்டும் வைத்துவிட்டு, ஃபினிலிருந்து ஆறு மீட்டர் ஒயரைப் பாதுகாப்பில்லாமல் இழுத்து வந்திருக்கும் கிளைடர்கள் இன்னும் இருக்கின்றன. உங்களுடையது எது என்று இந்த வாரமே பாருங்கள். மூக்கு பேட்டரிக்கும் இதே நியாயம்தான். அது தொட்டிலுக்கு முன்னால் இருப்பதால் எடைக் கவலை இல்லவே இல்லை, ஆனாலும் எடுத்துவிடுவது நல்லது. குறைந்தபட்சம் முனையைக் கழற்றி, முனைக்கு மூடி போடுங்கள்.

வெப்பத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நீங்களும் கேட்கவில்லை. ஜூனில் நெடுஞ்சாலை உணவகத்தில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போகும்போது, மூடிய ட்ரெய்லருக்குள் என்ன ஆகிறது என்று யோசியுங்கள். கிளைடர்களில் இழைகளைப் பிணைக்கும் பிசினான ரெசினின் வலிமையைப் பொதுவாக 54 டிகிரி வரை காட்டித்தான் சான்று பெறுகிறார்கள். உடல் முழுக்க வெள்ளையாக இருப்பதன் காரணமும் அதுதான். சூட்டில் ரெசின் கொஞ்சம் இளகும். அந்த நேரத்தில் ஒரு குறுகிய இடத்தில் நிலையான அழுத்தம் இருந்தால் அது மெல்லப் பதிந்துவிடும், ஆறிய பிறகும் முழுதாக மீளாது. பேட்டரியைவிடப் பட்டைக்கும் தொட்டில் விளிம்புக்கும் இது அதிகம் பொருந்தும். வெள்ளைக் கூரை, காற்று வழி, நிழலில் நிறுத்துவது: இந்த மூன்றும் இலவசம்.

இப்போது பட்டை விஷயம். பதிலில் இதைத்தான் நீங்கள் இரண்டு முறை படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். பல்சக்கரக் கைப்பிடியால் இறுக்கும் 50 மில்லிமீட்டர் அகல ரேட்சட் பட்டையின் லேபிளில் எஸ்.டி.எஃப் என்று ஓர் எண் அச்சிட்டிருக்கும். கையால் 50 கிலோ விசையில் இழுத்தால் பட்டையில் எவ்வளவு இழுவிசை நிற்கும் என்பது அது. பெரும்பாலும் 250 முதல் 300 டெக்காநியூட்டன், அதாவது ஏறத்தாழ அத்தனை கிலோ. பட்டை உடலின் மேல் ஏறி இரு பக்கமும் கீழே இறங்குவதால், உடல் மேல் விழும் அழுத்தம் அதன் இரு மடங்குக்கு அருகே போகும். இரண்டரைக் கிலோ பேட்டரிக்கு இவ்வளவு நேரம் வாதாடிவிட்டு, தண்டின் மேல் இப்படி ஒரு பட்டையைப் போட்டு "டிக், டிக்" என்று நான்கு பல் கூடுதலாக இறுக்குகிறோம். தண்டு உருளை வடிவம். மேலே கீழே அமுக்கினால் முட்டை மாதிரி நசுங்கப் பார்க்கும். அது நசுங்குவதற்கு வடிவமைக்கப்பட்டதல்ல. அந்த இடத்தில் ரேட்சட்டே வேண்டாம். சாதாரண கொக்கிப் பட்டை, கையால் இழுத்து நிறுத்திய அளவு போதும். தண்டு குழியிலிருந்து எழும்பாமல் இருந்தால் சரி. உடலைப் பிடிக்க வேண்டிய இறுக்கம் முன்னால், உள்ளே குறுக்குச் சுவர் இருக்கும் இடத்தில், அகலமான மெத்தை வைத்து.

இதன் அண்ணன் மாதிரி இன்னொரு தவறு, இரண்டு முனையையும் பூட்டிவிடுவது. ட்ரெய்லரின் சட்டமும் வளையும். ஓட்டும்போது அது நீள்கிறது, முறுகுகிறது, மேடேறும்போது நடுவில் வளைகிறது. உடல் முன்பின்னாக நகராமல் ஒரே இடத்தில் மட்டும் பிடிக்க வேண்டும். மூக்குக் கட்டையில் அல்லது சக்கரத் தொட்டிலில், உங்கள் ட்ரெய்லர் எப்படியோ அப்படி. வால் பக்கம் முன்பின்னாகச் சில மில்லிமீட்டர் வழுக்கட்டும். மேலே எழும்பக் கூடாது, பக்கவாட்டில் ஆடக் கூடாது. வாலையும் திருகு போட்டு இறுக்கிவிட்டால் ட்ரெய்லரின் ஒவ்வொரு முறுக்கலும் தண்டு வழியாகத்தான் போகும். அந்தச் சுமை எவ்வளவு என்று எந்தக் கையேட்டிலும் இருக்காது, ஏனென்றால் அது வரவே கூடாத சுமை. பக்கவாட்டு ஆட்டத்துக்கு, ஃபினின் அடியை இரு பக்கமும் அணைக்கிற மெத்தை வைத்த கட்டைகள் போதும். தண்டைச் சுற்றிப் பிடித்துவிட்டு ஃபினை விட்டுவிட்டால், ஃபினும் அதற்குள் இருக்கும் பேட்டரியும் ஒவ்வொரு வளைவிலும் தண்டை முறுக்கும்.

சக்கரம் உள்ளே இருக்க வேண்டுமா வெளியே இருக்க வேண்டுமா என்பதற்கு ஒரே பதில் கிடையாது. வயிற்றுத் தொட்டில் உள்ள ட்ரெய்லரில் சக்கரம் மடக்கி, எடை முழுவதும் தொட்டிலில். சக்கரக் குழி உள்ளதில் டயர் மேல் நிற்கும். அப்படியானால் டயர் ஒரு ஸ்பிரிங், பட்டை இன்னொரு ஸ்பிரிங், இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து ஆடும். டயரில் காற்று சரியாக வைத்து, பட்டையால் டயர் கொஞ்சம் அமுங்கும் வரை இழுத்தால் அந்தத் துள்ளல் அடங்கும்.

பேட்டரியை எடுத்துவிட்டு, காக்பிட்டில் கூடாரமும் சூட்கேஸும் அடைத்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இருக்கை ஓடு ஒரு மனிதன் உட்கார்வதற்குச் செய்தது உண்மைதான். ஆனால் அந்த மனிதன் கூர்மையான மூலைகளோடு வருவதில்லை, எட்டு மணி நேரம் குதிப்பதும் இல்லை. இருக்கைக்குப் பின்னால் இருக்கும் ஆக்ஸிஜன் குடுவையையும் வெளியே எடுங்கள். ஃபினில் எடையைச் சமன்செய்யும் தண்ணீர்த் தொட்டி இருந்தால் அதைத் திறந்து வடிய விடுங்கள். அதில் ஐந்து லிட்டர் மறந்து கிடந்தால், இரண்டு பேட்டரி எடை அங்கேயே இருக்கிறது என்று அர்த்தம். மிச்சம் மீதித் தண்ணீர் குளிர் இரவில் உறைந்தால் அது தனிக் கதை.

கழற்றியதை எங்கே வைப்பது? இரண்டு ஈய பேட்டரிகள் என்றால் காரில், இருக்கைக்கு முன்னால் கால் வைக்கும் இடத்தில், முனைகளுக்கு மூடியோடு, உருளாமல். இது பெரிய பிரச்சினை இல்லை. எண்கள் முக்கியமாவது உங்கள் நண்பரின் எலெக்ட்ரிக் கிளைடரில். மூக்கில் மடக்கு விசிறி வைத்த எஃப்.இ.எஸ் வகையில் இறக்கைக்குப் பின்னால் இரண்டு லித்தியம் பெட்டிகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 16 கிலோ. மொத்தம் 32. இதை ட்ரெய்லரின் பின்கதவுக்குப் பக்கத்தில் காலி இடம் இருக்கிறதே என்று வைத்துவிட்டால் என்ன ஆகும்? ட்ரெய்லரைக் காரோடு இணைக்கும் இழுவைப் பந்து ஆக்ஸிலிலிருந்து 5 மீட்டர் முன்னால், பெட்டிகள் 4 மீட்டர் பின்னால் என்றால், பந்தின் மேல் இருக்கும் எடை 32 பெருக்கல் 4 வகுத்தல் 5, அதாவது சுமார் 26 கிலோ குறைந்துவிடும். 60 கிலோ இருந்தது 34 ஆகிவிட்டது. ட்ரெய்லர் பாம்பு மாதிரி நெளிய ஆரம்பிப்பதற்கு இதுவே அழைப்பு. அதே பெட்டிகளை ஆக்ஸிலுக்கு அரை மீட்டர் முன்னால், தரையோடு, நான்கு மூலையிலும் கட்டை அடித்துக் கட்டினால் பந்தில் 3 கிலோ கூடும், அவ்வளவுதான். நெளிவுக்கு எதிரான கணக்கு இன்னும் கடுமையானது, அதில் எடை தூரத்தால் இரு முறை பெருக்கப்படுகிறது: 4 மீட்டரில் 512, அரை மீட்டரில் 8.

ஜெர்மன் சட்டம் பந்தின் மேல் ட்ரெய்லர் எடையில் குறைந்தது 4 சதவீதம் கேட்கிறது, ஆனால் 25 கிலோவுக்கு மேல் கட்டாயப்படுத்துவதில்லை. அது சட்டத்தின் அடிமட்டம். நிலையாக ஓட வேண்டுமானால், காருக்கும் கொக்கிக்கும் அனுமதித்ததில் எது குறைவோ அதன் அருகே வைத்துக்கொள்வதுதான் வழி. பல கார்களில் அது 75 கிலோ. புறப்படும் முன் இணைப்பு முனைக்கடியில் ஒரு கட்டையை நிறுத்தி, கட்டையைத் தராசில் வைத்து அளந்துவிடுங்கள். ட்ரெய்லர் டயர் காற்றையும் அப்போதே பாருங்கள்: அதிகக் காற்று என்றால் சாலையின் ஒவ்வொரு விரிசலும் தரும் அடி வால் வரை போகும், குறைவு என்றால் டயர் சூடேறும். மணிக்கு 100 கிலோமீட்டர் அனுமதி வில்லை ஒட்டிய ட்ரெய்லருக்கு டயர் வயது 6 வருடத்துக்குள் இருக்க வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

லித்தியம் பெட்டிகளைக் கிளைடரிலேயே விட்டுவிடலாமா என்றால், எடுக்கத்தக்கதாகச் செய்யப்பட்டவற்றை எடுத்துவிடுங்கள். 2017 ஆகஸ்ட் 10 அன்று இங்கிலாந்தின் பார்ஹம் விமானத்தளத்தில் இறங்கிய ஒரு எஃப்.இ.எஸ் கிளைடரின் பேட்டரி அறையில் தீப்பிடித்தது. விமானி காயமில்லாமல் வெளியேறினார். ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை அவசர உத்தரவு போட்டு அந்த வகை பேட்டரிகளோடு பறப்பதைச் சில காலம் நிறுத்தியது. அது ட்ரெய்லரில் நடந்ததல்ல. ஆனால் அப்படி ஒரு தீ பூட்டிய ட்ரெய்லருக்குள், ஓட்டுநருக்கு எட்டு மீட்டர் பின்னால் ஆரம்பித்தால் யாருக்கு முதலில் தெரியும்? கீழே விழுந்த, இடிபட்ட பெட்டியை, வெளியே கீறல் இல்லாவிட்டாலும், தயாரிப்பாளரைக் கேட்காமல் திரும்பப் போடக் கூடாது. பயணத்தின்போது முழு சார்ஜில் வைக்க வேண்டாம். கையேடு சேமிப்பு வோல்ட்டேஜ் என்று ஒன்று கொடுத்திருக்கும், அதில் வையுங்கள். எல்லாக் கிளைடருக்கும் கழற்றும் விதி பொருந்தாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். ஆன்டாரஸ் 20ஈ போன்றவற்றில் பேட்டரிகள் இறக்கையின் முன்விளிம்புக்குள்ளேயே இருக்கின்றன. ஒவ்வொரு பயணத்துக்கும் எடுத்து வைக்கும் பொருளல்ல. அங்கே இறக்கைத் தாங்கிகள் அந்த எடைக்குச் செய்யப்பட்டவையா என்பதுதான் கேள்வி. நான் சொல்வதும் கையேடு சொல்வதும் முரண்பட்டால் கையேட்டைக் கேளுங்கள்.

இதுவரை உறுதியாகச் சொன்னேன். உறுதியில்லாத பகுதியும் உண்டு. மேலே 3 ஜி என்று எழுதியது கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண். உண்மையில் வால் குழியில் எவ்வளவு அடி வரும் என்பது ஆக்ஸிலின் ரப்பர் வயது, அதிர்வுத் தாங்கி, டயர் காற்று, வேகம் எல்லாவற்றையும் பொறுத்தது. 1300 கிலோவுக்குச் செய்த ஆக்ஸிலில் 900 கிலோ மட்டும் ஏற்றினால் அது கட்டை மாதிரி இடிக்கும். அதே சாலையில் இன்னொரு ட்ரெய்லர் மிதந்து போகும். ஆக்ஸிலிலிருந்து எவ்வளவு தூரமோ அவ்வளவு மோசம் என்பது மட்டும் பொது. ஃபின் காரை நோக்கி இருக்கிறதா, பின்கதவை நோக்கி இருக்கிறதா என்பது ட்ரெய்லருக்கு ட்ரெய்லர் மாறும், ஆனால் இரண்டு பக்கமும் ஆக்ஸிலிலிருந்து கடைக்கோடிதான். அளக்க ஆசையிருந்தால் பழைய கைபேசி ஒன்றில் முடுக்கத்தைப் பதிவு செய்யும் செயலியைப் போட்டு, ஃபினின் அடியில் டேப் போட்டு ஒட்டி, இருபது கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். கூர்மையான முகடுகளைக் கைபேசி தவறவிடும். இருந்தாலும் டயர் காற்றை மாற்றுவதற்கு முன்னும் பின்னும் ஒப்பிட அது போதும். தண்டின் ஆரோக்கியத்தை எழுத்தில் படித்துச் சான்றிதழ் கொடுக்க யாராலும் முடியாது. பழைய பழுது ஏதாவது தண்டில் செய்திருந்தால், உங்கள் கிளப்பின் பரிசோதகரிடம் காட்டிவிட்டுத்தான் 800 கிலோமீட்டர்.

கழற்றுவதில் இருக்கும் ஒரே ஆபத்து, திரும்பப் போட மறப்பது, அல்லது போடக் கூடாதபோது போடுவது. ஃபினில் இருப்பது வெறும் மின்சாரம் அல்ல, எடையும்கூட. எடைமையத்திலிருந்து 4 மீட்டர் பின்னால் 2.5 கிலோ என்பது, 350 கிலோ பறக்கும் எடையில், மையத்தைச் சுமார் 3 சென்டிமீட்டர் நகர்த்தும். கனமான விமானிக்காக வைத்த வால் பேட்டரி, சிஸ்தரோனில் உங்கள் ஒல்லியான பங்குதாரர் பறக்கும் நாளில் ஃபினிலேயே இருந்தால் மையம் பின் எல்லையைத் தாண்டலாம், அதுதான் பயப்பட வேண்டிய பக்கம். மூக்கிலிருந்த ஈயத்தை எடுத்துவிட்டு பாதி எடையுள்ள லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வைத்தாலும் மையம் பின்னால்தான் நகரும். அதற்குக் காகிதத்தில் மாற்றம் எழுதி, காக்பிட்டின் குறைந்தபட்ச எடையை மறுபடி கணக்கிட வேண்டும். அதனால் பேட்டரியைக் கழற்றும் அதே நிமிடத்தில், "வால் பேட்டரி வெளியே" என்று எழுதிய சிவப்புத் துணியை விமானி பிடித்து ஓட்டும் ஸ்டிக்கில் கட்டுங்கள். பேட்டரி உள்ளே போகும்போதுதான் துணி அவிழ வேண்டும்.

வழியில் முதல் 20 கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி, பட்டைகளையும் சக்கர நட்டுகளையும் கையால் தொட்டுப் பாருங்கள். சக்கர மையம் கை வைக்க முடியாத சூடாக இருந்தால் பிரேக் உரசுகிறது. போய்ச் சேர்ந்ததும், இறக்கை மாட்டும் முன், டார்ச்சைத் தண்டோடு சாய்த்து அடித்து, தண்டு ஃபினோடு சேரும் மூலையையும் பின் தாங்கி தொட்ட இடத்தையும் பாருங்கள். ஜெல்கோட்டில், அதாவது வெள்ளை மேற்பூச்சில், புதிதாக ஒரு கோடு தெரிந்தால் அதன் இரு முனையிலும் பென்சிலால் குறித்து, நாணயத்தால் சுற்றிலும் தட்டிக் கேளுங்கள். ஓசை ஓரிடத்தில் மந்தமானால் அன்று பறக்க வேண்டாம்.